புரட்டாசி முடியட்டும் தம்பி, அப்புறம் டேபிள பாப்போம்

தம்பி, உன் கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். சீசன் ஆரம்பிச்சு ரெண்டாவது மேட்ச்லயே சொந்த கிரவுண்ட்ல 0-3னு தோத்துட்டோம், சேந்து மேட்சுக்குப் போற பத்து பேர்ல ஆறு பேர் இந்த வருஷம் இனிமே வரல, டிவில பாத்துக்கறோம்னு சொல்லிட்டாங்க, உன் ஒம்போது வயசுப் பையனும் நம்ம டீம் சட்டையப் போட்டுட்டு வெளிய வரவே மாட்டேங்கறான், இதுக்கப்புறமும் நம்பிட்டு இருக்கறது முட்டாள்தனமா அண்ணான்னு கேட்டிருக்க. எந்த டீம்னு நீ சொல்லல, நானும் கேக்கல, தென்னாப்பிரிக்கால நம்ம டர்பன்ல இருக்கற எந்த டீமா இருந்தாலும் நான் சொல்லப் போறது ஒண்ணுதான்.

முட்டாள்தனம் இல்ல. உன்ன சமாதானப்படுத்தறதுக்காக இத சொல்லல. நான் சின்ன வயசுலேர்ந்து ஃபுட்பால் பாக்கறேன், ஆடியிருக்கேன், டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்ல பல வருஷம் பசங்களுக்கு கோச்சிங் குடுத்திருக்கேன், அந்த அனுபவத்த வச்சுத்தான் சொல்றேன். ரெண்டாவது மேட்ச்ல தோத்தது உனக்கு சொல்ற சேதி ரொம்பக் கம்மி, எப்படி தோத்தீங்கங்கறதுல கொஞ்சம் சேதி இருக்கு, ஆனா நீ டீம் கூட நிக்கறதா வேணாமாங்கறதுக்கும் இந்த ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல. இத மூணையும் நாம ஒண்ணா போட்டுக் கொழப்பிக்கறதாலதான் ஆகஸ்ட் மாசத்துலயே மனசு விட்டுப் போகுது.

எங்கப்பாவுக்கு ஒரு வழக்கம் இருந்துச்சு. 1996ல நம்ம நாட்டு பிரீமியர் சாக்கர் லீக் ஆரம்பிச்சதுலேர்ந்து அவர் இருந்த வரைக்கும், புரட்டாசி முடியற வரைக்கும் லீக் டேபிள, அதான் பாயின்ட் பட்டியல, பாக்கவே மாட்டார். பேப்பர்ல அந்தப் பக்கம் வந்தா மடிச்சு வச்சுடுவார். மேட்ச் எல்லாம் பாப்பார், ஒண்ணு விடமாட்டார், டேபிள் மட்டும் வேணாம்பார். நம்ம வீடுகள்ல புரட்டாசின்னா மட்டன், சிக்கன் கிடையாது, ரொட்டியக் குடைஞ்சு உள்ள குழம்பு ஊத்தித் தர்ற பன்னி சௌ சாப்பிடணும்னா பீன்ஸ் பன்னிதான், அந்த மாசம் பூரா எல்லாருக்குமே ஒரு பொறுமை வந்துடும்ல, அதே பொறுமைய ஃபுட்பாலுக்கும் வச்சுக்கிட்டார்னு நினைக்கறேன். தாத்தா கரும்புத் தோட்டத்துல வேல பாத்தவர், அதனால அப்பா சொல்லுவார், கரும்பு நட்ட மூணாம் நாள் புடுங்கி வேர் விட்டிருக்கான்னு பாக்கறவன் தோட்டக்காரனே இல்லடான்னு. அப்ப எனக்கு அது வயசானவங்க பேச்சு மாதிரி இருந்துச்சு, பின்னால நானே கோச்சிங் குடுக்க ஆரம்பிச்சப்பதான் கணக்குப் போட்டுப் பாத்தேன், அக்டோபர் நடுவுல புரட்டாசி முடியும்போது ஏழெட்டு மேட்ச் ஆடி முடிச்சிருப்பாங்க, பலமான டீம் பலவீனமான டீம்னு கொஞ்சம் எல்லாரோடயும் மோதியிருப்பாங்க, புதுசா வந்த பிளேயர்ஸ் ஒருத்தர ஒருத்தர் புரிஞ்சிருப்பாங்க. அதுக்கு முன்னாடி டேபிள்ல இருக்கறது யாரு யாரோட முதல்ல ஆடினாங்கங்கறதுதான், வேற ஒண்ணும் பெருசா இல்ல.

கணக்கையே எடுத்துக்கோ. நம்ம லீக்ல 16 டீம், ஆளுக்கு 30 மேட்ச், மொத்தம் 90 பாயின்ட். நீங்க விட்டது 3. இங்கிலாந்துல மான்செஸ்டர் யுனைடெட் 1995-96 சீசன முதல் நாளே ஆஸ்டன் வில்லாகிட்ட 1-3னு தோத்து ஆரம்பிச்சாங்க, சின்னப் பசங்கள வச்சுக்கிட்டு எதையும் ஜெயிக்க முடியாதுன்னு ஆலன் ஹான்சன் டிவில சொன்னது இன்னிக்கும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு, அந்தப் பசங்கதான் அந்த வருஷம் லீக், எஃப்ஏ கப் ரெண்டையும் தூக்கினாங்க. அந்த சீசன்ல அவங்க லீக்ல மொத்தம் 6 மேட்ச் தோத்தாங்க. 2020-21ல மான்செஸ்டர் சிட்டி செப்டம்பர் மாசம் சொந்த கிரவுண்ட்லயே லெஸ்டர்கிட்ட 2-5னு தோத்தாங்க, அவங்களும் லீக்ல 6 தோல்வியோட சாம்பியன் ஆனாங்க, நடுவுல எல்லாப் போட்டியும் சேத்து தொடர்ந்து 21 மேட்ச் ஜெயிச்சாங்க. சாம்பியனுக்கே ஆறு தோல்வி உண்டு தம்பி. அந்த ஆறுல ஒண்ணு மார்ச்ல வந்தா யாரும் ஞாபகம் வச்சுக்க மாட்டாங்க, ஆகஸ்ட்ல வந்தா உலகமே முடிஞ்ச மாதிரி தெரியுது, ஏன்னா அதுக்கு முன்னாடி பாக்கறதுக்கு வேற ரிசல்ட் இல்ல.

சாம்பியன் ஆகற டீம் மட்டும் இல்ல. கிரிஸ்டல் பேலஸ் 2017-18ல முதல் ஏழு மேட்ச்சும் தோல்வி, ஏழுலயும் ஒரு கோல்கூட போடல, கடைசில 11வது இடத்துல முடிச்சாங்க. ஆர்சனல் 2021ல முதல் மூணு மேட்ச் தோத்து, கோல் இல்லாம, டேபிள்ல கடைசி இடத்துல கிடந்தாங்க, முடிச்சது 5வது. ஆஸ்டன் வில்லா 2023ல முதல் நாள் நியூகாசில்கிட்ட 1-5, அந்த வருஷம் 4வதா வந்து சாம்பியன்ஸ் லீக் போனாங்க. தலைகீழாவும் நடக்கும், பிளாக்பூல் 2010ல முதல் நாளே விகன் ஊருக்குப் போயி 4-0னு ஜெயிச்சாங்க, அந்த சீசன் முடிவுல கீழ் டிவிஷனுக்கு எறங்கிட்டாங்க. நம்ம ஊர்லயே கைசர் சீஃப்ஸ் 2019-20ல சீசன் முழுக்க மேல இருந்துட்டு கடைசி நாள் பரோகா கூட டிரா பண்ணி சன்டவுன்ஸ்கிட்ட கப்ப விட்டாங்களே, சாட்ஸ்வொர்த்ல எத்தன வீட்டுல அன்னிக்கு ராத்திரி சாப்பாடு எறங்கலன்னு எனக்குத் தெரியும்.

நம்ம டர்பன் கதையே ஒண்ணு இருக்கு. 2020-21ல அமாசூலு மெதுவா, தடுமாறித்தான் ஆரம்பிச்சாங்க, டிசம்பர்ல கோச் மாறி பென்னி மெக்கார்த்தி வந்தார், அதுக்கப்புறம் ஏறின ஏத்தத்துல லீக்ல ரெண்டாவதா முடிச்சு ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக்குக்கே போனாங்க. கொரோனா நேரம், ஸ்டேடியத்துல ஒரு ஆள் கிடையாது. அந்த அழகான சீசன நேர்ல பாக்கக் குடுத்து வைக்கலயேன்னு எனக்கு இன்னிக்கும் வருத்தம் உண்டு, உன் ஆறு பேர்கிட்ட இத சொல்லு, போறதுக்கு வழி இருக்கும்போது போகாம இருக்கறது எவ்வளவு பெரிய இழப்புன்னு அந்த வருஷம்தான் எங்களுக்குத் தெரிஞ்சுது. அப்புறம் 2025 ஆகஸ்ட்ல ஆர்லாண்டோ பைரட்ஸ் புது கோச்சோட முதல் ரெண்டு லீக் மேட்ச்சும் தோத்தாங்க, செகுகூனேகிட்ட ஒண்ணு, மருமோ கேலன்ட்ஸ்கிட்ட ஒண்ணு, கோச்ச அனுப்புன்னு அப்பவே சத்தம் வந்துடுச்சு, செப்டம்பர் நடுவுல அதே கோச் கையில எம்டிஎன்8 கப் இருந்துச்சு. புரட்டாசி பொறக்கறதுக்கு முன்னாடியே!

ஆனா இந்த மாதிரி கதையா அடுக்கிட்டே போனா அது ஒரு பக்கக் கணக்கு. மோசமா ஆரம்பிச்சு மோசமாவே முடிச்ச டீமும் இருக்கு, ஷெஃபீல்ட் யுனைடெட் 2020-21ல முதல் 17 மேட்ச்ல ஒண்ணுகூட ஜெயிக்கல, கீழ எறங்கிட்டாங்க. அதனாலதான் ரெண்டாவது விஷயம் முக்கியம், எப்படி தோத்தீங்க. இதுக்கு எனக்குத் தெரிஞ்ச பெஸ்ட் உதாரணம் நம்ம ஊர்ல, என் கண்ணு முன்னாடி நடந்தது.

2010 ஜூன் 16. யூத் டே, லீவு நாள். நம்ம நாட்டுல உலகக் கோப்பை, டர்பன் மோசஸ் மபிடா ஸ்டேடியத்துல மத்தியானம் 4 மணிக்கு ஸ்பெயின் - சுவிட்சர்லாந்து. நானும் என் மச்சானும் அவர் பசங்களும் 140 ராண்டு டிக்கெட்ல கோலுக்குப் பின்னாடி உக்காந்திருந்தோம். ஸ்பெயின் அப்ப ஐரோப்பா சாம்பியன், கப் அவங்களுக்குத்தான்னு எல்லாரும் சொல்லிட்டு இருந்த நேரம். பந்து முழுக்க அவங்ககிட்டயேதான் இருந்துச்சு, ஷாவி, இனியெஸ்டா, சுத்திச் சுத்தி பாஸ், இருபதுக்கு மேல ஷாட் அடிச்சிருப்பாங்க, ஷாபி அலோன்சோ அடிச்ச அடி கிராஸ்பார்ல பட்ட சத்தம் ஜனங்க ஊதற வுவுசெலா ஊதல் சத்தத்தையும் மீறி எங்களுக்குக் கேட்டுச்சு. செகண்ட் ஹாஃப்ல ஒரே ஒரு தள்ளுமுள்ளு, கோல்கீப்பர் காசியாஸ் வெளிய வந்து விழுந்து, பந்து அங்க இங்க பட்டு, கெல்சன் ஃபெர்னாண்டஸ் உள்ள தள்ளிட்டார். 1-0. முடிஞ்சுது. என் மச்சான் அவர் மகன்கிட்ட சொன்னார், பாத்தியா, பேருக்குத்தான் பெரிய டீம்னு.

அங்கேர்ந்து நேரா பீச்ல இருந்த ஃபேன் பார்க்குக்கு நடந்தோம், ஏன்னா ராத்திரி 8:30க்கு நம்ம நேஷனல் டீம் பஃபானா பஃபானா பிரிட்டோரியால உருகுவே கூட. ஊரே மஞ்சள் சட்டை. ஃபோர்லான் முதல் ஹாஃப்லயே தூரத்துலேர்ந்து ஒண்ணு போட்டார். 76வது நிமிஷம் நம்ம கோல்கீப்பர் கூனேவுக்கு ரெட் கார்டு, பெனால்டி, ரெண்டாவது கோல். கடைசி நிமிஷத்துல மூணாவது. அதுக்கு முன்னாடியே ஸ்டேடியத்துலேர்ந்து ஜனங்க எந்திரிச்சுப் போறத திரையில பாத்தோம், பீச்லயும் கலைய ஆரம்பிச்சுட்டாங்க, என் மச்சானோட சின்னப் பையன் அவர் தோள்லயே அழுதுட்டே தூங்கிட்டான்.

ஒரே நாள், ரெண்டு தோல்வி. ரிசல்ட்ட மட்டும் பாத்தா ரெண்டும் தோல்விதான். ஆனா ஸ்பெயின் தோத்த விதத்துல பயப்பட ஒண்ணுமே இல்ல, வாய்ப்பு வந்துட்டே இருந்துச்சு, உள்ள போகல அவ்வளவுதான். ஸ்பெயின்ல பத்திரிகையெல்லாம் கோச் டெல் போஸ்கேவ பிடிச்சுக்கிச்சு, நடுவுல புஸ்கெட்ஸ், அலோன்சோ ரெண்டு பேரையும் சேத்து வைக்கறது தப்புன்னு, பழைய கோச் அரகோனஸ்கூட குறை சொன்னார். டெல் போஸ்கே அத மாத்தல. ஹோண்டுராஸ் 2-0, சிலி 2-1, போர்ச்சுகல் 1-0, பராகுவே 1-0, அப்புறம் செமி ஃபைனலுக்கு அதே டர்பன், அதே மோசஸ் மபிடா, ஜூலை 7, தோத்ததுக்கு சரியா 21 நாள் கழிச்சு. கார்னர்லேர்ந்து புயோல் பறந்து வந்து அடிச்ச ஹெடர், ஜெர்மனி காலி. 11ஆம் தேதி சாக்கர் சிட்டில 116வது நிமிஷம் இனியெஸ்டா. முதல் மேட்ச் தோத்துட்டு உலகக் கோப்பை ஜெயிச்ச முதல் டீம் அவங்கதான், 2022ல அர்ஜென்டினா சவுதிகிட்ட தோத்துட்டு ஜெயிச்சது அதுக்கப்புறம். இன்னொண்ணு, ஜூன் 16 அன்னிக்கு ஜெயிச்ச சுவிட்சர்லாந்து என்ன ஆச்சு? சிலிகிட்ட தோத்து, ஹோண்டுராஸ் கூட டிரா, முதல் ரவுண்டுலயே வீட்டுக்குப் போயிட்டாங்க.

பஃபானா? ஜூன் 22 புளூம்ஃபோன்டெய்ன்ல ஃபிரான்ஸ 2-1னு ஜெயிச்சாங்க. அந்த மேட்ச்ச நீ பாத்திருக்கணும், ஹாஃப் டைம்ல 2-0, ஃபிரான்ஸ்ல பத்து பேர்தான், இன்னும் ரெண்டு கோல் போட்டா வேற மாதிரி ஆயிருக்கும்னு மொத்த நாடும் நாற்காலி நுனில. ஆனா வெளிய வந்துட்டோம், முதல் ரவுண்டுலயே வெளியேறின முதல் போட்டி நடத்தற நாடுன்னு பேரு வந்துச்சு. உருகுவே மேட்ச்ல வாங்கின மூணு கோலோட கடன் அது. ஆனா ஃபேன் பார்க்குலேர்ந்து சீக்கிரம் கலைஞ்சு போன அதே ஜனம் 22ஆம் தேதி திரும்ப வந்து நின்னுச்சு, நானும் நின்னேன், ஃபிரான்ஸ ஜெயிச்சது என் வாழ்க்கைல நான் பாத்த பெரிய சந்தோஷத்துல ஒண்ணு, வெளிய போனோம்னு தெரிஞ்சும் அந்த சந்தோஷம் கொறயல. அத வீட்டுல உக்காந்து விட்டுட்டவனுக்கு எப்படி சொல்லிப் புரிய வைப்பேன்?

சரி, உன் 0-3க்கு வரேன். இத நீயே உக்காந்து யோசிச்சுப் பாரு, முடிஞ்சா மேட்ச்ச திரும்பப் போட்டுப் பாரு. மூணு கோலும் ஒரே மாதிரி விழுந்துச்சா, வேற வேற மாதிரியா? ஒரே இடத்துல, உதாரணத்துக்கு லெஃப்ட் பேக் மேல ஏறிப் போன காலி இடத்துலயே மூணும் விழுந்திருந்தா அது சரி பண்ணக்கூடிய தப்பு, ஆனா நாலாவது மேட்ச்லயும் அதே இடத்துல விழுந்தா கோச் மேல கேள்வி கேக்கலாம். உங்க டீம் எத்தன நல்ல வாய்ப்பு உருவாக்கினாங்க, ஷாட் எண்ணிக்கைய விடு, பெனால்டி பெட்டிக்குள்ள நேருக்கு நேரா எத்தன? கோல் போடாதது வேற, கோல் போடற இடத்துக்கே போகாதது வேற, முதலாவது சீக்கிரம் சரியாகும், ரெண்டாவதுதான் எனக்குக் கவலை. அப்புறம் நான் என் பசங்ககிட்ட எப்பவும் பாக்கறது ஒண்ணு, 0-2 ஆனதுக்கப்புறம் கடைசி இருபது நிமிஷம் யார் யார் திரும்பி ஓடி வந்து டிஃபென்ஸ் பண்ணினாங்க. 0-2ல திரும்பி ஓடி வர்ற டீம் எந்தத் தோல்வியிலேர்ந்தும் எந்திரிச்சுடும், இடுப்புல கை வச்சுட்டு நிக்கற டீம் ஜெயிச்சுட்டு இருந்தாலும் நான் நம்ப மாட்டேன். இத ஸ்டேடியத்துல உக்காந்துதான் பாக்க முடியும், டிவி கேமரா பந்து பின்னாடியேதான் போகும், பந்து இல்லாத இடத்துல எவன் நடக்கறான் எவன் ஓடறான்னு அது காட்டாது. டிவில பாத்துக்கறோம்னு சொன்ன உன் ஆறு பேருக்கு என் பதில் இதுதான்.

கோச்ச மாத்தணும்னு தோணினா அது துரோகம் இல்ல, அதையும் சொல்லிடறேன். பேலஸ் அந்த ஏழு தோல்வில நாலாவதோட டி போயர அனுப்பிட்டு ராய் ஹாட்ஜ்சன கொண்டு வந்துதான் தப்பிச்சாங்க. 2024 ஜனவரில ஆப்பிரிக்க நேஷன்ஸ் கப்ல ஐவரி கோஸ்ட் சொந்த நாட்டுல ஈக்வடோரியல் கினிகிட்ட 0-4னு வாங்கிட்டு, டோர்னமென்ட் நடுவுல கோச்ச மாத்தி, உதவி கோச்சா இருந்த எமர்ஸ் ஃபேய வச்சு கப்பயே ஜெயிச்சாங்க. டீம் கூட நிக்கறதுன்னா நிர்வாகம் பண்றதெல்லாம் சரின்னு தலையாட்டறது இல்ல. கேள்வி கேளு, ஆனா ஸ்டாண்ட்ல உக்காந்து கேளு.

அதே நேஷன்ஸ் கப்லதான் நம்ம பெர்சி டாவ் விஷயம். ஜனவரி 16, மாலி கூட முதல் மேட்ச், 0-0ல இருக்கும்போது பெனால்டி, டாவ் வானத்துக்கு அடிச்சுட்டார், அப்புறம் 0-2னு தோல்வி. அன்னிக்கு ராத்திரி போன்ல அந்த மனுஷன நம்ம ஜனம் திட்டின திட்டு, அவர் அம்மா வரைக்கும் இழுத்தது, எனக்குப் படிக்கவே கூசிப் போச்சு. அஞ்சு நாள் கழிச்சு நமீபியா கூட மறுபடி பெனால்டி கிடைச்சுது. யார் அடிக்கறதுன்னு பாத்தா டாவ்தான் பந்த எடுத்து வைக்கறார். எங்க வீட்டுல யாரும் மூச்சு விடல. கோல். 4-0னு முடிஞ்சுது, அங்கேர்ந்து மொரோக்கோவ 2-0னு வீழ்த்தி, கேப் வெர்டே கூட நம்ம கோல்கீப்பர் ரான்வென் வில்லியம்ஸ் நாலு பெனால்டிய தடுத்து, கடைசில மூணாவது இடத்தோட வீட்டுக்கு வந்தாங்க. முதல் மேட்ச் தோத்த அன்னிக்கு திட்டினவங்கதான் ஏர்போர்ட்டுக்கு மாலையோட போனாங்கன்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா அந்தப் பந்த ரெண்டாவது தடவ எடுத்து வைக்க டாவுக்கு எவ்வளவு தைரியம் வேணும்னு உன் பையனுக்கு சொல்லு. அவன் வயசுல அது புரியும். எனக்குத் தெரிஞ்சு பெரியவங்களுக்குத்தான் புரிய லேட்டாகுது.

மூணாவது விஷயம், கூட நிக்கறது. இதுக்கு நான் பழைய காலத்துக்குப் போகணும், பொறுத்துக்கோ. எங்கப்பா கரீஸ் ஃபவுண்டனுக்குப் போவார், போட்டானிக் கார்டன் பக்கத்துல, வெள்ளக்காரங்க கிரவுண்ட் நமக்கு இல்லாத காலத்துல நமக்குன்னு இருந்த கிரவுண்ட் அது. 1961ல ஃபிஃபா தென்னாப்பிரிக்காவ நிறுத்தி வச்சது, 1976ல மொத்தமா வெளிய தள்ளிச்சு, இனப் பாகுபாட்டுக்காக, அது நியாயம்தான். ஆனா அந்த வருஷங்கள்ல 1969ல ஆரம்பிச்ச ஃபெடரேஷன் லீக்ல ஆடின நம்ம ஆளுங்களுக்கு எதிர்காலம்னு என்ன இருந்துச்சு? உலகக் கோப்பை இல்ல, நேஷனல் டீம் இல்ல, பத்திரிகைல பாதிப் பக்கம் கிடைச்சா பெருசு. நல்ல நல்ல பிளேயர்ஸ் ஃபேக்டரில ஷிஃப்ட் முடிச்சுட்டு வந்து ஆடிட்டு, மறுநாள் காலைல திரும்ப ஷிஃப்டுக்குப் போனாங்க. கூட்டம் அப்படி வரும். இனத்துக்கு ஒரு ஏரியான்னு பிரிச்ச குரூப் ஏரியாஸ் சட்டத்துல வீட்டப் பறிகொடுத்து சாட்ஸ்வொர்த்துக்குத் தள்ளப்பட்ட குடும்பங்க அங்கேர்ந்து பஸ் புடிச்சு திரும்ப டவுனுக்கு மேட்ச் பாக்க வருவாங்க. பக்கத்து வீட்டுக்காரன் மாறிட்டான், தெரு மாறிடுச்சு, கோயில்கூட தூரமாயிடுச்சு, டீம் மட்டும் அதேதான். அந்த ஸ்டாண்ட்ல பழைய தெரு முழுசும் ஒண்ணா உக்காந்திருக்கும். அப்பா பேப்பர மடிச்சுப் போட்டு உக்காருவார், ஆயா கட்டிக் குடுத்த புளிச் சாதம் மடில. தோத்தா எந்திரிச்சு அந்த பேப்பர உதறி மடிச்சு பாக்கெட்ல வச்சுக்கிட்டு என் கையப் பிடிச்சுக்கிட்டு நடப்பார், ஒரு வார்த்த பேச மாட்டார், பஸ் ஸ்டாப் வந்ததும் அடுத்த மேட்ச் யாரோடன்னு மட்டும் கேப்பார்.

1992ல ஃபிஃபா திரும்பச் சேத்துக்கிச்சு. ஜூலை 7, நம்ம டர்பன் கிங்ஸ் பார்க், கேமரூன் கூட, டாக்டர் கூமாலோ பெனால்டில 1-0. அப்பா அழுதத அன்னிக்குத்தான் நான் முதல்ல பாத்தேன். அடுத்த மாசமே ஹராரேல சிம்பாப்வேகிட்ட 1-4. அக்டோபர்ல நைஜீரியாகிட்ட 0-4. நம்ம டீமுக்கு ஃபோர் பை ஃபோர்னு பேரு வச்சுட்டாங்க, எப்ப ஆடினாலும் நாலு வாங்கறாங்கன்னு. முப்பது வருஷம் காத்திருந்து கிடைச்ச டீம் இப்படியான்னு எத்தனயோ பேர் கைகழுவினாங்க. 1994ல நம்ம டர்பன்காரர் கிளைவ் பார்க்கர் கோச்சா வந்தார். 1996 பிப்ரவரி 3, சாக்கர் சிட்டி, துனீசியா கூட ஃபைனல், மார்க் வில்லியம்ஸ் ரெண்டு கோல், ஆப்பிரிக்கா சாம்பியன். 0-4லேர்ந்து கப்புக்கு மூணு வருஷம் சில மாசம்தான். ஃபோர் பை ஃபோர்னு சிரிச்சுட்டு போனவங்களும் அன்னிக்கு தெருவுல ஆடினாங்க, யாரும் அவங்கள தள்ளி நில்லுன்னு சொல்லல. ஆனா அப்பா மாதிரி ஆளுங்க ஹராரே ராத்திரியையும் சேத்து சுமந்துட்டு வந்தவங்க, அவங்க முகத்துல இருந்தது வேற சந்தோஷம்.

எல்லாத்துக்கும் பலன் கிடைக்கும்னு உனக்கு சத்தியம் பண்ண மாட்டேன். மேனிங் ரேஞ்சர்ஸ் எங்க டீம், 1928ல ஆரம்பிச்சது, 1996-97ல கோர்டன் இகேசுண்ட் கோச்சா இருந்து சீஃப்ஸ், பைரட்ஸ், சன்டவுன்ஸ் எல்லாரையும் தாண்டி பிரீமியர் சாக்கர் லீக்கோட முதல் சாம்பியன். சாட்ஸ்வொர்த் ஸ்டேடியத்துல அந்த வருஷம் இருந்த சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. பத்து வருஷம்கூட ஆகல, கிளப் கடன்ல மூழ்கி வித்துட்டாங்க, பேரே போச்சு. நாங்க யாரும் விட்டுட்டுப் போகல, டீம்தான் எங்கள விட்டுட்டுப் போச்சு. உனக்கு ஆடறதுக்கு ஒரு டீம் இருக்கு, அடுத்த வாரம் மேட்ச் இருக்கு, அது எவ்வளவு பெரிய விஷயம்னு எங்கள மாதிரி ஆளுங்களுக்குத்தான் தெரியும். சீஃப்ஸ் ஃபேன்ஸ் பத்து வருஷம் ஒரு கப் இல்லாம கிடந்து, 2025 மே 10 நம்ம மோசஸ் மபிடாலதான் நெட்பேங்க் கப் ஃபைனல்ல பைரட்ஸ 2-1னு ஜெயிச்சத பாத்தாங்க, சீஃப்ஸ் பிளேயர் மார்ட் தூரத்துலேர்ந்து அடிச்ச அந்த கோல் உள்ள போனப்ப என் பக்கத்து சீட்ல இருந்த வயசான ஐயா ஒருத்தர் எந்திரிக்கவே இல்ல, மகராபாவ, அதான் ஃபேன்ஸ் போடற அலங்கார ஹெல்மெட்ட, கழட்டி மடில வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தார்.

உன் ஆறு பேர விரட்டாத, கெஞ்சாத, அவங்க சீட்ட மட்டும் காலியா வச்சிரு, மெசேஜ் குரூப்லேர்ந்து எடுத்துடாத, மேட்ச் முடிஞ்சதும் என்ன நடந்துச்சுன்னு ரெண்டு வரி போடு. நாலு பேர் வர்றத பாத்தா ரெண்டு பேர் திரும்ப வருவாங்க. பையன்கிட்ட சட்டையப் போடுன்னு கட்டாயப்படுத்தவே கூடாது, என் கோச்சிங்ல நான் பாத்த வரைக்கும் ஒம்போது வயசுல பிடிச்சுத் தள்ளினா பதிமூணு வயசுல பந்தத் தொட மாட்டான். சாதா சட்டையிலயே அடுத்த ஹோம் மேட்சுக்குக் கூட்டிட்டு வா. கோலுக்குப் பின்னாடி உக்காரு, 0-2 ஆனா கடைசி இருபது நிமிஷம் யாரு திரும்பி ஓடி வர்றான்னு எண்ணச் சொல்லு, ஒரு பேப்பர்ல எழுதட்டும். தோத்தாலும் அவனுக்குப் பிடிச்ச ஒரு ஆள் அந்த லிஸ்ட்ல இருப்பான், அப்புறம் அந்த ஆள் நம்பர் போட்ட சட்டைய அவனே கேப்பான்.

நீ டேபிள பாக்காத. புரட்டாசி முடிஞ்ச மறுநாள் எனக்கு எழுது, எத்தனாவது இடத்துல இருந்தாலும் சரி, ரெண்டு பேரும் சேந்து உக்காந்து பாப்போம். அன்னிக்கு மட்டன் பன்னி, கேரட் சம்பலோட, என் செலவு. பையனையும் கூட்டிட்டு வா, அந்த லிஸ்ட்ட எடுத்துட்டு வரச் சொல்லு.